மன்றோ நடந்த வரப்பு

கிராம நிர்வாக அலுவலராக நான் முதலில் சேர்ந்தது தருமபுரிப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில். எந்த வயலில் என்ன பயிர் என்று பதியும் கிராமக் கணக்கான அடங்கலை அந்த வருடம் வயலுக்குப் போகாமலே எழுதினேன். போன வருடம் நிலக்கடலை என்றால் இந்த வருடமும் நிலக்கடலை. கிராமக் கணக்குகளை வருடா வருடம் தணிக்கை செய்யும் ஜமாபந்திக்கு மனுவோடு வந்த பெரியவரிடம் தாசில்தார் சும்மா, "கடலை எப்படிங்க?" என்று கேட்டுவிட்டார். "எங்க சார் கடலை? கிணறு வெட்டுன மண்ணு மேடாக் கெடக்குது" என்றார் அவர்.

தாசில்தார் திட்டவில்லை. மறுநாள் காலை அந்தப் புல எண்ணுக்கு வரச் சொன்னார், அவரும் வந்தார். வரப்பில் நடந்தபடி தாமஸ் மன்றோ கதையை ஆரம்பித்தார். அன்று கேட்டது பாதி, பிறகு நானே தேடிப் படித்தது பாதி.

1820-ல் சென்னை கவர்னரான மன்றோ, 1780-ல் வந்திறங்கும்போது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் வெறும் கேடட், அதாவது பயிற்சி நிலை வீரர். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது எங்கள் பகுதி, கம்பெனி கைக்கு வந்தது. சிவில் அதிகாரிகளுக்கு ஊர் மொழி தெரியாது. அதனால் கேப்டன் ரீடையும் அவருக்கு உதவியாக மூன்று ராணுவ அதிகாரிகளையும் அனுப்பினார்கள். அந்த மூவரில் ஒருவர் மன்றோ. ஏழு வருடம் ஊர் ஊராகப் போய், வயல் வயலாகத் தீர்வை, அதாவது நிலவரி, போடுகிற வேலை. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடமே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. இன்று நாம் வாங்கும் பட்டாவின் வேர் அதில்தான் இருக்கிறது.

நல்லவர், வல்லவர் என்று பாட நான் வரவில்லை. 1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பைப் பக்கம் கலெக்டராக இருந்து, வரி வசூலை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கியவரும் அவர்தான். ஆனால் அது தாங்காது என்பதும் அவருக்கே தெரிந்தது. கிளம்பும்போது தீர்வையில் கால் பங்கைக் குறைக்கச் சொல்லி எழுதினார். மேலே ஒத்துக்கொள்ளவில்லை. குறைக்காதது மட்டுமல்ல, ரயத்துவாரியையே எடுத்துவிட்டு, ஊர் முழுவதையும் மொத்தத் தொகைக்குக் குத்தகை விடும் கிராமக் குத்தகையைக் கொண்டுவந்தார்கள். 'திரும்ப அனுப்பப்படுகிறது' என்று கோப்பு வரும்போது வயிற்றில் என்ன செய்யும் என்று எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம், பதின்மூன்று வருடம் கழித்துக் கவர்னர் நாற்காலியில் தானே உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் அந்தக் குறைப்பு நடைமுறைக்கு வந்தது.

1827-ல் ஊர் திரும்பும் முன், பழைய மாவட்டங்களை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சுற்றுப்பயணம் கிளம்பினார். வழியில் பத்திகொண்டாவில் காலரா கண்டது. ஜூலை 6-ல் இறந்துபோனார்.

தாசில்தார் இதைச் சொல்லி முடிக்கும்போது மண்மேட்டுக்கு வந்துவிட்டோம். சுற்றிலும் பார்த்தார். "எழுதுங்க தம்பி" என்றார். நிலக்கடலையை அடித்துவிட்டுத் தரிசு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.