அய்யா மரத்தடியில சருகைக் கூட்டாதீங்க

மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமையாவது விடியறதுக்கு முன்னாடியே பிள்ளைகளை எழுப்பி மதுரையில இருந்து மேலூர் பக்கம் எங்க ஊருக்குக் கெளம்பிடுவோம். கண்மாய்க்கரை ஓரமா செத்தவங்க பேர்ல வச்ச மரங்க ஒரு சின்னக் காடு மாதிரி நிக்குது. கருமாதி முடிஞ்ச கையோட அந்த வீட்டுக்காரங்க ஒரு கன்னு வச்சு வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்தணும்னு ஊர் இளவட்டங்க ஆரம்பிச்ச வழக்கம் இது, பேர்ப்பலகை ஒண்ணும் கிடையாது, ஆனா எது யாரோட மரம்னு எல்லாருக்கும் தெரியும். பூக்கார அத்தைக்குப் புங்கை, வாத்தியாருக்கு மருதம், எங்க அப்பாவுக்கு இலுப்பை. 2014ல வச்சோம். பிள்ளைகளுக்கு அது அய்யா மரம்.

இந்தப் பங்குனியில தான் மொதமொத பூத்துச்சு. ராத்திரியெல்லாம் வவ்வால் வந்து மொய்க்குது, விடியக்காலையில பார்த்தா மொச்சைக்கொட்டை தண்டிக்கு வெளிர் மஞ்சளா சதைப்பிடிப்பா பூ உதிர்ந்து கெடக்கு. அம்மா நாலஞ்சைப் பொறுக்கி முந்தானையில தொடைச்சுப் பிள்ளைகளுக்குக் குடுத்து "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சக்கரைன்னு சும்மாவா சொன்னாங்க, தின்னு பாருங்கடா"ன்னாங்க. சின்னவன் மூக்கைச் சுளிச்சுக்கிட்டே ரெண்டாவது பூவையும் தின்னான்.

முன்னாடியெல்லாம் அம்மா வர்றப்பவே விளக்குமாறோட தான் வருவாங்க. வீட்டு வாசல் மாதிரி மரத்தடியைச் சுத்தமாக் கூட்டிட்டுத் தான் உக்காருவாங்க, எங்க அப்பாவுக்கு அவங்க செய்யிற மரியாதை அது, நான் என்னத்தச் சொல்ல. மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு மார்கழியில வாத்தியார் மரத்துக்கிட்ட கூட்டாத எடத்துல ஏதோ சரசரன்னுச்சு. ஆறுமணிக்குருவி! வாலே இல்லாத மாதிரி குட்டையா, பச்சை முதுகு, வயித்துக்கடியில செவப்பு, ஒவ்வொரு சருகா அலகால பொரட்டிப் போட்டு அடியில இருக்குற பூச்சி புழுவைத் தின்னுச்சு. காலையிலயும் சாயங்காலமும் ஆறு மணிவாக்குல கத்துறதால தான் அந்தப் பேரு. எமயமலை அடிவாரத்துலயும் நடு இந்தியாவுலயும் மழைக்காலத்துல குஞ்சு பொரிச்சிட்டு குளிருக்கு நம்ம பக்கம் வருதுன்னு அம்மாக்கிட்ட சொன்னேன். "அம்புட்டுத் தூரத்துல இருந்து வருது, நான் அது சோத்தைல்ல கூட்டித் தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன்"னு சொல்லிட்டு விளக்குமாறைக் கீழ வச்சவங்க தான்.

அதனால தான் போன தையில யாரோ சுத்தம் பண்றோம்னு மொத்தச் சருகையும் கூட்டிக் குவிச்சுத் தீ வச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. பூக்கார அத்தை மரத்துல பாதிப் பட்டை கருகிருச்சு, நடுவுல இருந்த காரைச்செடி புதர் எல்லாம் போச்சு. சருகு மக்கினா தான் மண்ணுல ஈரம் நிக்கும், அதுல தான் பூச்சி இருக்கும், அதை நம்பித் தான் குருவி ஓணான்னு ஒரு உலகமே கெடக்கு. இப்ப பேவர் பிளாக் போட்டு லைட் வைக்கலாம்னு வேற ஒரு பேச்சு ஓடுது. தயவுசெஞ்சு வேணாம்யா.

ஏன்னா இங்க தேவாங்கு இருக்கு, ராத்திரி இருட்டுல மரத்துல திரியிற சின்னச் சீவன். டார்ச்சுல செவப்புக் கண்ணாடிப் பேப்பரைக் கட்டிக்கிட்டு ஒரு ராத்திரி மெதுவா நடந்தோம், கொடிக்குள்ள ரெண்டு கண்ணு கங்கு மாதிரி மின்னுச்சு, மக அப்படியே என் கையைப் பிடிச்சு நின்னுட்டா. அரை நிமிசம் தான், நாங்க திரும்பிட்டோம். கெட்ட சகுனம்னு சொல்லிச் சொல்லியே இதைக் கொன்னுருக்காங்க, ஆனா பயிருக்கு ஆகாத பூச்சியைத் தின்னுற சீவன் அது. 2022ல கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூர்ல இதுக்குன்னே சரணாலயம் அறிவிச்சாங்க, அதே வருசம் தான் நம்ம அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டோட மொத பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க. அங்கயும் தேவாங்கு இருக்கு.

தேவாங்குக்குக் கெளைக்குக் கெளை தொடுப்பு வேணும், தரையில எறங்குனா நாய் விடாது. தீயில புதர் போனதால அத்தை மரத்துக்கும் அய்யா மரத்துக்கும் நடுவுல பெரிய இடைவெளி விழுந்திருச்சு. வர்ற ஐப்பசி மழைக்கு அந்த எடத்துல காரையும் உசிலையும் வைக்கப் போறோம், பெரியவ இப்பவே பழைய பால் கவர்ல மண்ணு ரொப்பி விதை போட்டு மொட்டை மாடியில வச்சிருக்கா.