ஆளி வளர்த்தேன், விற்கவில்லை

எண்ணூர் முகத்துவாரத்தில் ஆளி என்கிற தின்னும் சிப்பியை வளர்க்கப் போகிறேன் என்றதும் எதிர்வீட்டு மாமா சிரித்தார். "இந்தத் தண்ணியிலயா? வளத்துக்கோ. எவன் துன்னுவான்?"

செலவு குறைவு என்பதால்தான் இறங்கினேன். ஆளிக்குத் தீனி போட வேண்டாம், தண்ணீரில் இருக்கும் நுண்பாசியை வடித்துத் தின்று வளரும். மிச்சத் தீவனம் அழுகி நாறுகிற இறால் குட்டைத் தொல்லை இதில் இல்லை. நம் ஆளிக்கு இங்கே வழங்கிவரும் அறிவியல் பெயரிலேயே 'மெட்ராசென்சிஸ்' இருக்கிறது. தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சிக்காரர்கள் 1970களிலேயே வளர்த்துக் காட்டிய முறையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

ஆளிக் குஞ்சு வந்து ஒட்டுவதற்காகப் பழைய ஆளி ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, ஆணியால் துளை போட்டு, ஒரு கயிற்றுக்கு ஆறு ஓடு வீதம் கோத்தேன். ஓட்டு விளிம்பு பிளேடு மாதிரி. முதல் நாளே இரண்டு விரலில் கட்டு. சவுக்குக் கம்பு நட்டு, வற்றத்திலும் சேறு தொடாத உயரத்தில் தொங்கவிட்டோம். சேறு மூடினால் குஞ்சு செத்துவிடும். சில வாரத்தில் ஓட்டின் மேல் மிளகு அளவுக்குப் புள்ளிகள். குதித்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பாதி, பாறையிலும் படகிலும் ஒட்டுகிற கொட்டலசு!

மழையில் கொசஸ்தலையாற்றின் உப்பில்லாத தண்ணீர் இறங்கியபோது எல்லாம் ஓட்டை இறுக மூடிக்கொண்டன. கொஞ்சம் செத்தது, மிச்சம் தேறியது.

பெரிதானதும் ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பச்சையாகவே தின்னக்கூடிய ஆளிக்கு ஐரோப்பாவில் பெரும்பாலான மாதிரிகளில் 100 கிராம் சதைக்கு ஈ.கோலை என்கிற மலக்கிருமி 230-ஐத் தாண்டக்கூடாது. என்னுடையது அதன் பக்கத்தில்கூட இல்லை. சரி, சுத்தமான கடல்நீரில் ஓரிரு நாள் போட்டால் அந்தக் கிருமியைப் பெருமளவு கக்கிவிடும் என்று தேற்றிக்கொண்டேன். அறிக்கையின் அடுத்த வரியில் ஈயம். அது சதையில் ஊறியது, இரண்டு நாள் குளியலுக்கெல்லாம் போகாது.

ஆளி தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்பது பொய்யில்லை. கலங்கலை எடுக்கும். நுண்பாசியோடு நைட்ரஜனும் அதன் உடம்புக்குள் போகும், நாம் அறுத்து எடுத்தால் தண்ணீரை விட்டும் போகும். ஆனால் தின்ன முடியாத ஆளியை யார் அறுப்பார்கள்? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணெய் படர்ந்த கழிமுகம் இது. மேலே அனல்மின் நிலையச் சாம்பலையும் எண்ணெயையும் விட்டுக்கொண்டே கீழே ஆளியை வேலைக்கு வைக்க முடியாது.

கம்பை நான் பிடுங்கவில்லை. ஓட்டு இடுக்கில் நண்டும் கெளுத்திக் குஞ்சும் ஒண்டுகின்றன. மாமா இப்போது அங்கேதான் தூண்டில் போடுகிறார். பிடித்ததைத் துன்றாரா என்று நான் கேட்கவில்லை.