ஒற்றை அடுக்கில் ஸ்பின்னை அளந்த அனுபவம்

மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஒற்றை அடுக்கால் ஆன டிரான்சிஸ்டரில், ஒரே திசையில் நிறுத்தப்பட்ட எலக்ட்ரான் ஸ்பின் (எலக்ட்ரானைச் சிறு காந்தம்போல் நடக்கவைக்கும் பண்பு) எவ்வளவு நேரம் குலையாமல் நிற்கிறது, எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் கேட் முனையின் மின்னழுத்தத்தால் அந்த நேரத்தை மாற்ற முடியுமா என்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி.

டிரான்சிஸ்டரைச் செய்வது பழகிவிட்டால் பெரிய காரியமில்லை. படிகத்திலிருந்து டேப்பால் உரித்த செதில்களைச் சிலிக்கான் வேஃபரில் ஒட்டி, நுண்ணோக்கியில் மங்கலாகத் தெரியும் துண்டுகளைப் பொறுக்கி, சிதறிய லேசர் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் ராமன் நிறமாலையின் இரு உச்சங்களுக்கு இடையே செ.மீ.க்குச் சுமார் 19 அலையெண் இடைவெளி இருந்தால் அது ஒற்றை அடுக்கு என்று உறுதி செய்துகொள்வோம். கந்தக அணுக்கள் விடுபட்ட இடங்கள் இருப்பதால் இப்பொருளில் எலக்ட்ரான்கள் இயல்பாகவே மிகுதி. எனக்கு அது வசதியாகவே அமைந்தது.

அளவீடுதான் நாட்களை விழுங்கியது. வட்ட முனைவாக்கம் பெற்ற, அதாவது மின்புலம் சுழன்றபடி வரும், லேசர் துடிப்பு ஸ்பின்களை ஒரு பக்கம் திருப்பும். சற்றுத் தாமதித்து வரும் இரண்டாம் துடிப்பு பட்டுத் திரும்பும்போது அதன் முனைவாக்கத் தளம் மிகச் சிறிதளவு சுழல்வதைக் கொண்டு மிஞ்சிய ஸ்பின்னைக் கணக்கிடுவோம். கெர் சுழற்சி எனப்படும் இதில், ஒரு துடிப்பின் பாதையில் உள்ள கண்ணாடியை 15 செ.மீ. நகர்த்தினால் ஒளி போய்வரும் பாதை 30 செ.மீ. நீண்டு 1 நானோநொடி தாமதம் கிடைக்கும். தேவையான ஒளியோ ஏறத்தாழ 650 நானோமீட்டர்; ஆய்வகங்களில் வழக்கமாக உள்ள டைட்டானியம் சஃபயர் லேசர் நேரடியாக அந்த அலைநீளத்தைத் தராது என்பதால், அலைநீளத்தை மாற்றும் இன்னொரு கருவிக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சமிக்ஞை கிடைத்த உடனே அதை ஸ்பின் என்று நம்பிவிடக் கூடாது. முதல் துடிப்பின் வட்டத் திசையை இடவலமாக மாற்றினால் சமிக்ஞையின் கூட்டல்-கழித்தல் குறியும் மாற வேண்டும். மாறாத பகுதி வெப்பத்தாலோ எதிரொளிப்பு மாற்றத்தாலோ வந்தது. ஒளியால் உண்டாகும் எலக்ட்ரான்-துளை இணைகளான எக்சிட்டான்கள் சில பிக்கோநொடிகளில் மறைந்துவிடுவதால், நூற்றுக்கணக்கான பிக்கோநொடிகளுக்குப் பின்னும் நீடிப்பதைத்தான், டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் பாயும் பாதையான சேனலில் ஏற்கெனவே உள்ள எலக்ட்ரான்களுடையது என எடுத்துக்கொண்டேன். படலத்தின் தளத்துக்கு இணையாகக் காந்தப்புலம் கொடுத்தபோது அந்த நீண்ட வால் விரைவாகத் தேய்ந்தது. 2015-இல் வெளியான அளவீடுகளும் இதையே காட்டியிருந்தன, 5 கெல்வினில் சுமார் 3 நானோநொடி ஆயுளையும் அவை தந்திருந்தன. காந்தப்புலம் இப்படிக் குலைப்பது ஸ்பின்னைத்தான் என்பதால், வேறு எந்தச் சோதனையையும்விட எனக்கு நம்பிக்கை அளித்தது இந்தக் காந்தப்புலச் சோதனைதான்.

கேட்டின் விளைவைப் பிரித்தெடுப்பது அதைவிடக் கடினம். வேஃபரின் மேலுள்ள ஆக்சைடு அடுக்கில் சிக்கும் மின்னூட்டங்களாலும் லேசர் ஒளியே உண்டாக்கும் கூடுதல் எலக்ட்ரான்களாலும், டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தம் அளவீட்டின் நடுவிலேயே நகர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் சேனல் மின்னோட்டம் நிலைபெறும் வரை பொறுத்திருந்து, ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் அளந்து, வரைபடத்தின் கிடை அச்சில் கேட் மின்னழுத்தத்தைப் போடாமல், அந்த நேரத்து மின்னோட்டத்தையே போட்டேன். அதன் பிறகே ஏற்றத்தின் புள்ளிகளும் இறக்கத்தின் புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தன.