வாட்ஸ்அப்பில் திருத்திய தோடி

கோவில்பட்டியில் இருந்துகொண்டே சென்னை வித்வான் ஒருவரிடம் கர்நாடக சங்கீதப் பாட்டைத் திருத்திக்கொள்ள முடியுமா என்று சமீபத்தில் சிலர் கேட்டார்கள். முடியும், நான் அப்படித்தான் கற்று வருகிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்காது. எதற்குக் கைகொடுத்தது, எங்கே நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

எனக்கு உள்ளூரிலேயே டீச்சர் உண்டு. சரளி வரிசையில் ஆரம்பித்து வர்ணங்கள், கீர்த்தனைகள் வரை கொண்டுவந்தது அவர்தான். தோடி, சாவேரி, சஹானா மாதிரி கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் பாடுவது) கனமான ராகங்களை இன்னும் ஊன்றிப் பாட வேண்டும் என்று ஆசை வந்தபோது முதலில் அவரிடம்தான் சொன்னேன். "தாராளமா காட்டு. பாடாந்தரத்தை மட்டும் குழப்பிக்காத. சங்கதி எதையாவது மாத்தச் சொன்னா எனக்கும் ஒரு தடவை பாடிக் காட்டு" என்றார். ஒரே கீர்த்தனைக்கு ஒவ்வொரு பரம்பரையிலும் சங்கதிகள், அதாவது ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள், வேறாக இருக்கும். அந்தந்தப் பரம்பரையின் வழியைத்தான் பாடாந்தரம் என்கிறோம். இரண்டு பேரிடம் காட்டும்போது எது யாருடைய வழி என்று தெரியாமல் போனால் இரண்டுமே கெட்டுவிடும்.

திருநெல்வேலியில் ஒரு கோயில் கச்சேரிக்கு வந்திருந்த வித்வானிடம் கச்சேரி முடிந்ததும் போய்ப் பேசினேன். அவரை சார் என்றே சொல்கிறேன். டீச்சர் சொன்னதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். "சங்கதியில நான் கை வைக்கமாட்டேன்மா. சுருதி, கமகம், காலப்பிரமாணம், இந்த மூணையும் பார்க்கிறேன்" என்றார். காலப்பிரமாணம் என்பது பாட்டின் வேகம் கடைசிவரை மாறாமல் இருப்பது. வாரா வாரம் நேரலை வகுப்பு வேண்டாம், பதிவு செய்து அனுப்பு, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பது அவர் போட்ட ஏற்பாடு. மாதம் ஒரு முறை மட்டும் வீடியோவில் பேசுவோம். சம்பளத்தை அப்போதே பேசிக்கொண்டோம். தயங்காமல் இதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

முதலில் அனுப்பிய பதிவுக்கு அவர் பாட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "சுருதியே கேக்கலையே, எதை வச்சுச் சொல்றது?" என்றார். நான் தம்புரா செயலியை இயர்போனில் கேட்டுக்கொண்டு பாடியிருந்தேன். பதிவில் என் குரல் மட்டும்தான் இருந்தது. அதன்பிறகு அவர் சொன்னபடி அமைத்துக்கொண்டதுதான் இன்றுவரை தொடர்கிறது. பழைய ஃபோனில் என் சுருதியான ஐந்து கட்டைக்குத் தம்புரா ஓடும். அது என்னிடமிருந்து நாலடி தள்ளி இருக்கும். பதிவு செய்யும் ஃபோன் இரண்டடி தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது பெரிய தண்டனைதான், ஆனாலும் விசிறி ஓடினால் நீட்டிப் பிடிக்கும் கார்வைகள் தெளிவாகக் கேட்காது. தாளத்தைத் தொடையில் சத்தம் கேட்கும்படி தட்டிப் போட வேண்டும். பதிவை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் ஃபைலாக இணைத்து அனுப்ப வேண்டும். வாய்ஸ் மெசேஜ் பேச்சுக்குப் போதும், பாட்டுக்குப் போதாது.

வீடியோவில் பேசும்போது வேறொரு தொல்லை. ஜூம் போன்ற செயலிகளில் பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் வசதி தானாகவே இயங்கும். அதற்குத் தம்புராவும் விசிறிச் சத்தம் மாதிரிதான். அதை வெட்டி எடுத்துவிடும். நீளமாக ஒரு பஞ்சமத்தைப் பிடித்து நின்றால் சில சமயம் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். ஆடியோ அமைப்புகளுக்குள் போய் ஒரிஜினல் சவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் நான் பாடுவது அவருக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. ப்ளூடூத் இயர்போனும் கூடாது. ஒயர் உள்ளதே நல்லது.

இனி தோடிக்கு வருகிறேன். இந்த ஏற்பாட்டின் உண்மையான பலன் எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

தோடியில் காந்தாரத்தை நேராகப் பிடித்து நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் அது அசைந்துகொண்டே இருக்கும். அசைகிறது என்று எனக்குத் தெரியும், அசைத்துத்தான் பாடினேன். சார் கேட்டுவிட்டு ஒரு குட்டிப் பதிவு அனுப்பினார். அதில் காந்தாரமே இல்லை. "ரீ... மா... ரீ... மா..." என்று தனித்தனி ஸ்வரங்களாக, ஆர்மோனியத்தில் கட்டையை ஒவ்வொன்றாக அழுத்துவது போல மிக நிதானமாகப் பாடியிருந்தார். அப்புறம் அதையே கொஞ்சம் வேகமாக. அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் ஸ்வரப் பெயர்களை விட்டுவிட்டு "கா" என்று மட்டும் சொன்னபோது அந்த ரிஷபமும் மத்யமமும் உள்ளே கரைந்து முழுக் காந்தாரம் எழுந்து நின்றது. "நீ அசைக்கிறது எங்கிருந்து எங்க போகுதுன்னு உனக்கே தெரியணும். இப்போ அது நடுக்கம், கமகம் இல்ல. இதை மட்டும் பாடி அனுப்பு, கீர்த்தனை வேண்டாம்" என்று கூடவே ஒரு குறிப்பு.

நேர் வகுப்பாக இருந்தால் அதை ஐந்தாறு முறை பாடிக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்போம். இங்கே அந்தப் பதிவு என் கையிலேயே இருக்கிறது. காலையில் சமைத்துக்கொண்டே கேட்டேன், பேருந்தில் கேட்டேன், ராத்திரி படுக்கும்முன் கேட்டேன். முதலில் காதில் விழாத நுணுக்கங்கள் போகப் போக விழுந்தன. மேலே ஏறும்போது காந்தாரம் மத்யமத்தைத் தேடிப் போகும் விதமும், இறங்கும்போது ரிஷபத்தில் சாயும் விதமும் ஒன்றல்ல என்பதை அப்படித்தான் பிடித்தேன்.

இதற்கிடையில் அவர் திடீரென்று, "வீடியோவா எடுத்து அனுப்பு, முகம் மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார். அனுப்பினேன். சத்தத்தை வைத்தே அவர் சந்தேகப்பட்டிருக்கிறார்: என் தாடை ஆடிக்கொண்டிருந்தது. கமகத்தைத் தொண்டையில் எழுப்பாமல் தாடையை ஆட்டி உண்டாக்கினால் எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரிதான் ஆடும். முகவாய்க்கட்டையில் இரண்டு விரலை லேசாக வைத்துக்கொண்டு பாடச் சொன்னார். விரலுக்குக் கீழே தாடை அசையாமல் இருக்கும்போது காந்தாரம் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அது வந்து படிய வெகு காலம் பிடித்தது. வந்த பிறகு மற்ற ராகங்களிலும் குரல் தெளிந்துவிட்டது.

அவர் வாயால் சொல்லும் திருத்தங்களை நான் நோட்டில் ஸ்வரத்துக்கு மேலே வளைகோடு போட்டுக் குறித்துக்கொள்கிறேன். கமகத்தைத் தாளில் குறிக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு எங்கள் பக்கத்து ஊரிலிருந்தே வந்தது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனி அடையாளக்குறி உண்டு. முதலில் தெலுங்கு லிபியில் வந்தது, பின்னால் மியூசிக் அகாடமி தமிழிலும் கொண்டுவந்தது. என் வளைகோடுகள் எனக்கு மட்டும் புரிபவை. ஆனாலும் அவற்றோடு சாரின் பதிவையும் சேர்த்து வைத்தால்தான் பாடம் முழுமையாகிறது. கோட்டை மட்டும் பார்த்துப் பாடினால் அந்தக் காந்தாரம் வராது.

காலப்பிரமாண விஷயத்தில் பதிவைப் போல நேர்மையான சாட்சி வேறில்லை. வர்ணத்தில் முதல் பாதியை முடிக்கும் முக்தாயி ஸ்வரத்துக்குப் பிறகு இரண்டாம் பாதியின் எத்துக்கடை ஸ்வரங்களுக்குள் நுழையும்போது ஓட்டம் பிடிப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். சார் அதை விளக்கிச் சொல்லவில்லை. என் பதிவிலிருந்தே பல்லவியின் முதல் ஆவர்த்தனத்தையும் (தாளத்தின் ஒரு சுற்று) கடைசியில் வரும் சரண ஆவர்த்தனத்தையும் வெட்டி, அடுத்தடுத்து ஒட்டி அனுப்பினார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, நடக்காதவை. ஒன்று, சேர்ந்து பாடுவது. இணையத்தில் குரல் போய்ச் சேர நொடியில் ஒரு பங்கு தாமதம் ஆகிறது. பேச்சில் அது தெரியாது. ஆதி தாளத்தை இரண்டு பேரும் சேர்ந்து போட்டால் என் தட்டும் அவர் தட்டும் ஒருநாளும் ஒன்றாக விழாது. அதனால் நிரவல், கல்பனா ஸ்வரம் மாதிரி அந்த இடத்திலேயே கற்பனையாகப் பாடுபவை எல்லாம் ஓரளவுக்கு மேல் போகவில்லை. அவர் ஒரு ஆவர்த்தனம் பாடி, அந்தச் சூட்டிலேயே நான் அடுத்ததை எடுக்க வேண்டும். அதற்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. மார்கழியில் மூன்று நாள் சென்னைக்குப் போய் அவர் வீட்டில் பாடினபோது, தோடிக்கு முன்பே, வெறும் ஷட்ஜத்திலேயே நிறுத்திவிட்டார். "குரலே திறக்கலையேம்மா" என்றார். சின்னக் குரலில் பாடினாலும் ஃபோன் அதைத் தானாகவே தூக்கிக் கொடுத்துவிடுகிறது. உரக்கப் பாடினால் அடக்கிவிடுகிறது. பதிவில் நன்றாகக் கேட்க வேண்டும் என்று பாடிப் பாடி, பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு இருக்கக் கூடாதே என்று பாடிப் பாடி, குரல் ஃபோனுக்கேற்றபடி ஒடுங்கிப்போயிருந்தது. அத்தனை பதிவுகளைக் கூர்ந்து கேட்ட அவருக்கே அது பதிவில் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் மந்த்ர ஸ்தாயியில், அதாவது கீழ்க்குரலில், 'ஆ' என்றே பாடும் அகார சாதகம் மட்டும்தான் செய்யச் சொன்னார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போய்ப் பாடிக் காட்டாமல் இந்த வழியில் கற்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

குழந்தைகளுக்கும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் இது சரிப்படாது என்பதே என் கருத்து. சரளி, ஜண்டை, அலங்காரம் எல்லாம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, கூடவே பாடி, தாளம் தவறும்போது கையைப் பிடித்துப் போட வைத்துப் படிய வேண்டியவை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் தூரத்தில் இருப்பவரிடம் கேட்க முடியும்.

அனுப்புவதிலும் ஒரு முறை வேண்டும். முழுக் கீர்த்தனையை அனுப்பி "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால் "நல்லா இருக்கு, இன்னும் சாதகம் பண்ணு" என்றுதான் பதில் வரும். இரண்டு வரியை அனுப்பி, "அனுபல்லவி இரண்டாவது சங்கதியில் தைவதம் சரியாக நிற்கிறதா?" என்று கேட்டால் அந்தத் தைவதத்தைப் பற்றிப் பதில் வரும். ஃபைலின் பெயரிலேயே ராகம், கட்டை, எந்த வரி என்று போட்டுவிடுவேன். மார்கழிக் கச்சேரி சீசன் நேரத்தில் பதில் தாமதமாகும், நினைவூட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. அவர் பாடி அனுப்புவதை வேறு யாருக்கும் அனுப்பவும் கூடாது. எனக்காக, என் குரலுக்காகப் பாடியது அது.

சென்னையிலிருந்து திரும்பியதும் ஏற்பாட்டில் ஒரு மாற்றம் செய்தார். இப்போது ஒவ்வொரு பதிவும் ஃபோனை அறையின் மறுமுனையில் வைத்து, முழுக் குரலில் பாடியதாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி, சாயங்காலம் அவர் பிள்ளைகள் டியூஷன் போகும் நேரத்தை வாங்கிக்கொண்டேன். அடுத்து சாவேரி. ஆலாபனை மூன்று நிமிடத்துக்குள், மத்ய ஸ்தாயி பஞ்சமத்தைத் தாண்டாமல் என்று கேட்டிருக்கிறார்.