ஒரே மாலையில் இரண்டு சுருதி

பதினாறு குரல்கள், வாத்தியத் துணை கிடையாது. முதல் பாதியில் 16ஆம் நூற்றாண்டின் நான்கு பாக மோட்டெட்டுகள், அதாவது பல குரல்கள் பின்னிவரும் தேவாலயப் பாடல்கள். இரண்டாம் பாதியில் இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘லக்ஸ் ஏடெர்னா’ (1966).

மோட்டெட்டுக்குப் பாகத்துக்கு மூவர் என்று வைத்து, நால்வரை உட்கார வைத்தோம். இருவர் மட்டும் சேர்ந்து பாடினால் சிறு விலகல்கூட அதிர்வாகக் காதில் விழும். மூவராகும்போது அது கரைந்துவிடுகிறது. பழைய பிரதியில் மேல்பாகம் ஜி கிளெஃபில் (வரியின் தொடக்கத்தில் ஸ்வர உயரத்தைக் காட்டும் குறி) இருந்தால் உடனே உஷாராக வேண்டும். அப்படிப்பட்டவற்றை ஒரு நாலாவதோ ஐந்தாவதோ (ஸ-ம, ஸ-ப இடைவெளி அளவு) இறக்கிப் பாடும் வழக்கம் இருந்தது. எழுதியபடியே எடுத்தால் டெனர்கள் (உயர்ந்த ஆண் குரல்கள்) இரண்டாம் பக்கத்திலேயே களைத்துப்போவார்கள்.

பெரிய தொல்லை சுருதி இறங்குவதுதான். அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஸட்ஜத்திலிருந்து பியானோவின் காந்தாரம் 400 சென்ட். தம்புராவில் தானாக எழும் காந்தாரம் சுமார் 386. அந்த இனிமைக்காகவே பழைய இசையில் காந்தாரத்தைத் தாழ்த்திப் பாடுகிறோம். ஆனால் மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் ஸி, ஏ, டி, ஜி என்று பாஸ் (அடிக்குரல்) நகர்ந்து மறுபடி ஸிக்கு வரும்போது, ஒவ்வோர் இடைவெளியும் சுத்தமாக இருந்தால் புதிய ஸி 21.5 சென்ட் கீழே நிற்கும். ஐந்து சுற்றில் அரை ஸ்வரம் போய்விடும். யாரும் தப்பாகப் பாடவில்லை, கணக்கே அப்படி! பாஸை ‘இன்னும் தூக்கு’ என்று விரட்டிப் பயனில்லை. ஏ-யிலிருந்து டி-க்குப் பாஸ் மாறும் இடத்தில், மேலே அதே ஏ-யை நீட்டிக்கொண்டிருப்பவர்தான் ஒரு மயிரிழை ஏற்ற வேண்டும். அந்த ஸ்வரங்களுக்கு மேல் பென்சிலால் சிறு அம்புக்குறி போட்டுக்கொண்டோம்.

இடைவேளைக்குப் பின் இந்தக் காது அப்படியே எதிரியாகிறது. லிகெட்டியில் அரை ஸ்வரங்கள் நெருங்கி அடுக்கப்படுகின்றன. அங்கே யாராவது காந்தாரத்தை ‘இனிமையாக’ இறக்கினால் அடுக்கே கலங்கிவிடும். தொடக்கத்தில் எட்டுப் பெண் குரல்களும் எஃப்பில் ஒவ்வொன்றாக நுழைகின்றன. சுருதி எடுக்கும் 440 ஹெர்ட்ஸ் இசைக்கவை தருவதோ ஏ. அங்கிருந்து எஃப்புக்கு இறங்கும் தூரம் 400 சென்ட். மோட்டெட் பழக்கத்தில் 386 மட்டும் இறங்கினால் தொடக்கமே 14 சென்ட் மேலே ஏறிவிடும். அதனால் ஒத்திகையில் அந்த இறக்கத்தை மட்டும் பியானோவோடு திரும்பத் திரும்பப் பாடினோம். தாளத்தைப் பாடகர் மனத்துக்குள் எண்ண வேண்டும். கேட்பவருக்குத் துடிப்பே தெரியக் கூடாது.

கவையை ஸ்டாண்டில் தட்டக் கூடாது, சத்தம் அரங்குக்குள் போய்விடும். முழங்காலில் தட்டி, அடியைக் காதுக்குப் பின்னெலும்பில் வைத்தால் பாடுபவருக்கு மட்டும் கேட்கும்.