மெழுகு பிளாக்கில் எச்.பி.வி. தேடும் நாட்கள்

மார்ச் 3, 2025, திங்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸைத் தேட, மெழுகில் பதித்த கர்ப்பப்பை வாய் பயாப்சி பிளாக்குகளை வெட்ட ஆரம்பித்துவிட்டோம். எல்லாமே சிஐஎன் 2, சிஐஎன் 3. புற்றுநோயாக மாறக்கூடிய, ஆனால் இன்னும் மாறாத திசு. ஒவ்வொரு பிளாக்குக்கும், மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோமில் புது பிளேடு. நடுநடுவே திசு இல்லாத வெறும் மெழுகு பிளாக்கையும் வெட்டி, மற்றவற்றோடு பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) வரை கொண்டு போகிறோம். அதில் வைரஸ் தெரிந்தால் பிளேடு வழியாகவோ கை வழியாகவோ ஒட்டி வந்தது என்று அர்த்தம். அன்றைய ரிசல்ட் எதையும் நம்பக் கூடாது.

மார்ச் 5, புதன்

சைலீனில் மெழுகைக் கரைத்து, புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே சேர்த்து 56 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தோம். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பட்ட டிஎன்ஏ துண்டு துண்டாகத்தான் வரும். பிசிஆரில் எந்தத் துண்டைப் பெருக்குவது என்று காட்டுபவை பிரைமர்கள். சுமார் 450 பேஸ் (டிஎன்ஏவின் எழுத்துகள்) நீளம் கேட்கும் எம்.ஒய். பிரைமர்கள் இதில் பல நேரம் கைவிட்டுவிடும். 65 பேஸ் போதும் என்கிற எஸ்.பி.எஃப். 10 பிடித்துவிடும்.

மார்ச் 6, வியாழன்

ஒரு சிஐஎன் 3 பிளாக்கில் வைரஸ் வரவில்லை. சிஐஎன் 3-இல் எச்.பி.வி. இல்லாமல் இருப்பது அபூர்வம். பீட்டா குளோபின் பார்த்தோம். மனித ஜீன், மனிதத் திசு என்றால் வந்தே ஆக வேண்டும். அதுவும் வரவில்லை. டிஎன்ஏவே தேறவில்லை என்னும்போது நெகட்டிவ் என்று எழுத எனக்கு மனம் ஒப்பாது. அந்த வார்த்தையை நம்பி ஒரு பெண் அடுத்த பரிசோதனைக்கு வராமலே இருந்துவிடலாம். 'மதிப்பிட இயலவில்லை' என்று குறித்து, மறுபடி வெட்டச் சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

புதுச் சீவல்களுக்கு முன்னும் பின்னும் ஒரு ஸ்லைடு சாயமேற்றிப் பார்த்தோம். புண் இருக்கும் பகுதி தீர்ந்துபோகவில்லை. இந்த முறை பீட்டா குளோபின் சுத்தமாக வந்தது. எச்.பி.வி. 16 பாசிட்டிவ், 1983-இல் ஹரால்ட் சூர் ஹௌசன் குழு கண்டுபிடித்த அதே வகை.

ஆனால் நோயில்லாத கர்ப்பப்பை வாயிலும் எச்.பி.வி. இருக்கலாம். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாகவே போய்விடும். அப்புறம் எதற்கு பயப்படுவது? அந்த வைரஸ் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதற்குத்தான். வைரஸின் ஈ7 புரதம், செல் கட்டுப்பாடில்லாமல் பெருகாமல் காக்கும் தடையை உடைத்தால், செல்லின் பி16 புரதம் குவியும். மதியம் வந்த, பி16 இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும் ஸ்லைடில் அடிவரிசை செல்களிலிருந்து மேல்மட்டம் வரை இடைவெளியே இல்லாமல் ஒரே பழுப்பு. பக்கத்திலேயே நல்ல திசு, நிறமே ஏறவில்லை.

மாலையே ரிப்போர்ட்டில் எச்.பி.வி. 16, பி16 இரண்டையும் சேர்த்து எழுதி அனுப்பிவிட்டேன்.