காது சரியாகக் கேட்காதவர்களுக்குக் கேப்ஷன் போன்: விண்ணப்பத்திலிருந்து முதல் அழைப்பு வரை

அமெரிக்காவில் வயதான பெற்றோருடன் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் சாதனங்களில் ஒன்று கேப்ஷன் போன். பார்வைக்கு மேசை மேல் வைக்கும் சாதாரண போன்தான், கூடவே ஒரு திரை இருக்கும். எதிர்முனையில் பேசுவது சில நொடிகளில் அந்தத் திரையில் எழுத்தாக ஓடும். இங்கிருப்பவர் அதைப் படித்துக்கொண்டே தன் வாயாலேயே பதில் சொல்வார். அவர் பேசுவது எழுத்தாக வராது. எதிர்முனைப் பேச்சு மட்டும்தான் வரும். "நான் சொன்னது திரையில் வரவில்லையே, போன் கெட்டுப்போச்சா?" என்று முதல் நாளே கேட்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பொருத்துவதற்கு முன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குரல் எந்த வழியில் போகிறது, எழுத்து எந்த வழியில் வருகிறது? இன்று பெரும்பாலும் கிடைக்கும் இணையவழி மேசை போன்களில், 'கேப்டெல் 840i' போன்ற மாடல்களில், பேச்சு வழக்கமான டெலிபோன் லைனில் போகும். எதிர்முனைக் குரல் மட்டும் இணையம் வழியாகக் கேப்ஷன் மையத்துக்குப் போய், எழுத்தாக மாறி, இணையத்திலேயே திரும்பி வரும். ஆக, இந்த வகை போனுக்கு லைனும் வேண்டும், இணையமும் வேண்டும். இது புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினைகளுக்கு வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிடவே தேவையில்லை. குரல் தெளிவாக இருந்து எழுத்து வரவில்லை என்றால் கோளாறு இணையத்தில். டயல் டோனே இல்லை என்றால் லைனில். எழுத்து வருகிறது, ஆனால் சொற்கள் உளறலாக இருக்கின்றன என்றால், முதலில் ரிசீவரைக் காதில் வைத்து இரைச்சல் இருக்கிறதா என்று நன்றாகக் கேட்கும் ஒருவர் பார்க்க வேண்டும். மையத்துக்குப் போவதும் அதே இரைச்சல் கலந்த குரல்தான்.

இணையம் இல்லாத வீட்டுக்குப் பழைய அனலாக் வகை உண்டு. ஒரே லைனில் குரலும் எழுத்தும் வரும். ஆனால் அதற்கு வெளியிலிருந்து அழைப்பவர் முதலில் கேப்ஷன் சேவையின் எண்ணுக்கு அழைத்து, பிறகு நம் எண்ணை அழுத்த வேண்டும். நேரடியாக அழைத்தால் எழுத்து வராது. ஆஸ்பத்திரியும் வங்கியும் இந்தச் சுற்றுவழியை நினைவு வைத்துக்கொண்டு அழைக்கப்போவதில்லை. இணையம் போட வழி இருந்தால் இந்த வகையைத் தவிர்த்துவிடலாம்.

இனி செலவு. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் நான்காம் பகுதி, கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குத் தொலைபேசி இடைச்சேவை தர வேண்டும் என்று சொல்கிறது. கேப்ஷன் போனை அந்தச் சேவைகளில் ஒன்றாக, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு ஆணையமான எஃப்சிசி 2003-இல் ஏற்றுக்கொண்டது. இணையவழி வடிவத்தை 2007-இல். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டும் நிதியிலிருந்து இதற்குப் பணம் போகிறது. பயனாளியிடம் கேப்ஷனுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. லைன் வாடகையும் இணையக் கட்டணமும் நம்முடையவை. கருவியைக் காது பரிசோதகரின் சான்றிதழின் பேரிலோ மாநில உபகரணத் திட்டத்தின் மூலமோ இலவசமாக வாங்க வழிகள் இருக்கின்றன. கையிலிருந்து காசு கொடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் விசாரியுங்கள்.

நம் ஆட்கள் சிக்கிக்கொள்ளும் இடம் பதிவு. பெயர், முகவரி, போன் எண், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கங்கள் ஆகியவற்றைக் கேட்பார்கள். இவை மத்தியப் பயனாளர் பதிவேட்டில் சரிபார்க்கப்படும். தமிழ்ப் பெயர்கள் இங்கேதான் மாட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்து, விசாவில் முதற்பெயருக்குப் பதில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்து, பின்னர் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் வேறொரு வரிசையில் பெயர் வந்திருக்கும். வீட்டில் எப்படி எழுதுகிறீர்கள் என்பதை மறந்துவிட்டு, அட்டையை எதிரில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்ற வித்தியாசமே விண்ணப்பம் நிராகரிக்கப்படப் போதும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் மாற்று ஆவணங்கள் கொடுத்துப் பதியலாம். அதற்குக் கூடுதல் நாட்கள் ஆகும்.

பதிவில் இன்னொன்று: தனக்குக் கேட்கும் குறைபாடு இருக்கிறது, போனில் பேசுவதைப் புரிந்துகொள்ளக் கேப்ஷன் தேவைப்படுகிறது என்று பயனாளியே உறுதிமொழி தர வேண்டும். பொய் சொன்னால் தண்டனைக்குரியது என்ற வாசகத்துடன்தான் அந்தப் படிவம் வரும். மகனோ மருமகளோ உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கலாம், உறுதிமொழி பெரியவருடையதாக இருக்க வேண்டும். அதற்காகப் படிவத்தை அவருக்குத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மாமனார், மாமியார் இருவருக்கும் காது கேட்காது, போன் ஒன்றுதான் என்றால் இருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பதிவு செய்தவர் தவிர வேறு யாரும் கேப்ஷனை ஓடவிட்டுப் பேசக் கூடாது என்ற எச்சரிக்கைச் சீட்டு போனிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அலங்காரத்துக்கு ஒட்டியதல்ல, சட்டப்படி ஒட்டியது. வீட்டில் மற்றவர்கள் அந்தப் போனை எடுத்தால் கேப்ஷன் பொத்தானை அணைத்துவிட்டுப் பேசலாம்.

பெட்டி வந்ததும் இடம் பாருங்கள். மின் இணைப்பு, டெலிபோன் சாக்கெட், ரவுட்டர் ஆகிய மூன்றும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வைஃபையில் ஓடும் என்றாலும், முடிந்தால் ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிள் போட்டுவிடுங்கள். பேச்சின் நடுவில் எழுத்து நின்றுபோய்ப் பிறகு வருவது பெரும்பாலும் வைஃபை வலுவிழக்கும் மூலைகளில்தான். டெலிபோன் கம்பியிலேயே டிஎஸ்எல் இணையம் வரும் வீடாக இருந்தால் போனுக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவே டிஎஸ்எல் ஃபில்டர் போட வேண்டும். இல்லாவிட்டால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் குரலோடு கலந்துகொண்டே இருக்கும். கேபிள் அல்லது ஃபைபர் மோடத்திலிருந்து போன் சேவை வாங்கியிருந்தால் சுவர் சாக்கெட்டில் உயிர் இல்லாமல் இருக்கலாம். மோடத்தின் பின்புறம் இருக்கும் போன் துளையிலேயே செருகிப் பாருங்கள். முதல்முறை இணையத்தில் சேர்ந்ததும் சில மாடல்கள் தாங்களே மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளும். திரை வெறுமனே இருக்கிறதே என்று அப்போது மின்சாரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள்.

முதியோர் இல்லம் என்றால் மூன்று விஷயங்களை அங்குள்ள நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். முதலாவது, அறையில் இருப்பது அனலாக் லைனா, அலுவலகப் போன்களுக்கான டிஜிட்டல் லைனா? டிஜிட்டல் லைனில் இந்தப் போன் வேலை செய்யாது, கெட்டும் போகலாம். இரண்டாவது, வெளியே அழைக்க 9 அழுத்த வேண்டுமா? ஆம் என்றால் அந்த எண்ணைப் போனின் அமைப்புகளில் டயல் முன்னொட்டாகப் போட்டுவைக்கலாம். பெரியவர் ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்றாவது, அங்குள்ள வைஃபையில் சேர்ந்ததும் ஒரு வலைப்பக்கம் திறந்து 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தச் சொல்லுமா? அப்படிப்பட்ட வைஃபையில் மேசை போன் சேராது, ஏனென்றால் அந்தப் பக்கத்தைத் திறக்க அதில் வழியில்லை. இல்லத்தின் கணினிப் பொறுப்பாளர் அந்தக் கருவிக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒலியையும் கவனித்து அமைக்க வேண்டும், எழுத்து வருகிறதே என்று இதை விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் காது கேட்பவருக்குக் குரலும் எழுத்தும் சேர்ந்தால்தான் பேச்சு பிடிபடும். வயதில் வரும் கேள்விக் குறைபாட்டில் பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். ச, ஸ, ஃப போன்ற மெல்லொலிகள் கரையும். அதனால் ஒலியளவைக் கூட்டுவதோடு நிற்காமல், டோன் அமைப்பை உயர் சுருதிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். ரிசீவரை வைத்ததும் ஒலியளவு தானாகவே குறைந்துவிடும் போன்கள் உண்டு. அடுத்து எடுப்பவர் காது அடைக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, பழுதல்ல. அதை மாற்றும் வசதி இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள்.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வைத்திருப்பவர்கள் ரிசீவரைக் காதுத் துவாரத்துக்கு நேராக அழுத்துவார்கள். கருவியின் மைக் இருப்பது காதின் மேல்விளிம்புக்குப் பக்கத்தில். ரிசீவரின் கேட்கும் முனையைச் சற்றே மேலே தூக்கி, லேசாகச் சாய்த்துப் பிடித்தால் குரல் சட்டென்று பெரிதாகும். கருவி விசிலடித்தால் டெலிகாயில் இருக்கிறதா என்று பரிசோதகரிடம் கேளுங்கள். அந்த நிலைக்கு மாற்றினால் கருவி மைக்கை விட்டுவிட்டு ரிசீவரின் காந்தப்புலத்திலிருந்து ஒலியை எடுக்கும், விசிலும் நிற்கும். இதெல்லாம் சிரமம் என்றால் ஸ்பீக்கரில் போட்டுத் திரையைப் பார்த்துப் பேசலாம். திரைக்கு எதிரே ஜன்னல் வெளிச்சம் விழாத இடமாகப் பாருங்கள். எழுத்தளவை வைக்கும்போது உங்கள் கண்ணை நம்பாதீர்கள். பெரியவரை வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்து, அவர் படித்துச் சொல்லும் அளவில் நிறுத்துங்கள்.

முதல் அழைப்பை வீட்டில் இருந்தே செய்யுங்கள். நீங்கள் அடுத்த அறைக்குப் போய் உங்கள் மொபைலிலிருந்து அழைத்து, ஆங்கிலத்தில் ஒரு செய்தித்தாள் பத்தியை நிதானமாக வாசியுங்கள். எழுத்து சில நொடி பின்தங்கி வருவதை அவர் அங்கே பழகிக்கொள்வார். இந்தத் தாமதம்தான் நிஜ அழைப்புகளில் தொந்தரவு. எதிர்முனையில் பேசி முடித்ததும் பதில் வராததால் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எனவே அழைப்பு தொடங்கியதும் சொல்ல ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: நான் எழுத்தைப் படித்துப் பேசுகிறேன், பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். இதை ஒரு சீட்டில் எழுதிப் போனின் ஓரத்தில் ஒட்டினால் நல்லது. 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று ஓடும் தானியங்கிக் குரல்களுக்கு இந்த வாக்கியம் பயன்படாது. எழுத்து வருவதற்குள் நேரம் கடந்துவிடும். அங்கே 0 அழுத்தி ஆளைப் பிடிக்க முடிகிறதா என்று பார்ப்பதும், அடிக்கடி அழைக்கும் இடங்களின் எண்வரிசையைக் குறித்துவைத்துக்கொள்வதும்தான் வழி.

தவறு அதிகம் விழுவது எண்களிலும் பெயர்களிலும். 15-ம் 50-ம் ஆங்கிலத்தில் ஒன்றுபோல ஒலிப்பதால் மாறி விழும். மாத்திரை அளவில் இது விளையாட்டல்ல. மருந்தகத்திலிருந்து 50 மில்லிகிராம் என்று வந்தால் "ஐந்து, பூஜ்யமா?" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். தமிழ்ப் பெயர்கள் திரையில் என்னவாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதை வைத்துச் சிரிக்கலாம், அவ்வளவுதான்.

எழுத்தாக்கும் முறையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முன்பு எதிர்முனைப் பேச்சை ஒரு பணியாளர் தன் குரலில் திருப்பிச் சொல்லி, கணினி அதை எழுத்தாக்கியது. மனிதர் இல்லாமல் முழுக்கத் தானியங்கியாகச் செய்வதை எஃப்சிசி 2018-இல் ஏற்றது. தானியங்கி வேகமானது, ஆனால் உச்சரிப்பு பழக்கமில்லாததாக இருந்தாலோ பின்னணியில் சத்தம் இருந்தாலோ தடுமாறும். மொபைலில் ஓடும் இன்னோகேப்ஷன் செயலியில் சுருக்கெழுத்தரா தானியங்கியா என்று பயனாளியே தேர்ந்தெடுக்கலாம். வீட்டு லைனே இல்லாதவர்களுக்கும் இந்த வகைச் செயலிதான் பொருந்தும். பணியாளர்கள் கேட்டதை வெளியே சொல்லவோ அழைப்பு முடிந்தபின் பதிவாக வைத்திருக்கவோ சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆனால் போனிலேயே எழுத்தைச் சேமிக்கும் வசதி இருந்தால் வங்கி விவரங்களும் அதில் தங்கியிருக்கும், அவ்வப்போது அழித்துவிடுங்கள்.

தமிழ் அழைப்புகளுக்கு வருவோம். இந்தச் சேவை அடிப்படையில் ஆங்கிலத்துக்கானது, ஸ்பானிஷும் கிடைக்கும். ஊரிலிருந்து தங்கை அழைத்துத் தமிழில் பேசுவது இதில் எழுத்தாக வரும் என்று நம்பி வாங்காதீர்கள். அதற்குத் தனி ஏற்பாடு: ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைத் திறந்து, முதல் மொழி தமிழ், இரண்டாம் மொழி ஆங்கிலம் என்று வையுங்கள். அழைப்பை வேறொரு போனில் ஸ்பீக்கரில் போட்டு, இரண்டையும் ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். பேசும் போனிலேயே இந்தச் செயலியை ஓட்டிப் பயனில்லை, அழைப்பு நடக்கும்போது மைக் அதற்குக் கிடைக்காது. வட்டார வழக்கு வேகமாக வந்தால் திரை தடுமாறும், என்றாலும் யார் யாருக்குக் கல்யாணம் என்பது தெரிந்துவிடும்.

மின்சாரம் போனால் கேப்ஷனும் போகும். மோடமும் ரவுட்டரும் அணைந்தால் அவற்றை நம்பிய லைனும் சேர்ந்தே போகும். அதனால் சார்ஜ் ஏறிய மொபைல் ஒன்று பெரியவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 911-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி பல இடங்களில் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. உங்கள் கவுண்டியில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள். வீடு மாறும்போது கேப்ஷன் நிறுவனத்திடமும் இணையவழி லைன் தருபவரிடமும் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவசர அழைப்பில் ஆம்புலன்ஸ் பழைய வீட்டுக்குப் போகக்கூடும். போன் இனி வேண்டாம் என்றால் தெரிந்தவருக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பதிவை ரத்து செய்துவிட்டு, வாங்குபவர் தன் பெயரில் பதிந்த பிறகுதான் அதில் கேப்ஷனை ஓடவிட வேண்டும்.